வாடகைக்கு ஓவியம்: காட்மனும் அவர் ஊரும்

(ஓவிய ஆசிரியர்களும் ஓவியம் பழகுகிறவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1809ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் நார்விச் நகரத்தில், ஓர் ஓவியர் தன் வீட்டிலேயே ஒரு வாடகை நிலையம் தொடங்கினார். மூன்று மாதத்துக்கு ஒரு கினி சந்தா. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். சந்தா கட்டியவர்கள் அவர் வரைந்த படங்களை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பார்த்து வரைந்து பழகலாம். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். சுமார் 600 படங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நம் ஊர்களில் தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் தொடர்கதை வால்யூம்களை எடுத்துவந்து படித்தோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடு.

ஓவியர் பெயர் ஜான் செல் காட்மன். அப்போது அவருக்கு வயது 27. ஆங்கிலேயரின் நீர்வண்ண ஓவியத்தைப் பற்றி யார் புத்தகம் எழுதினாலும் டர்னர், கர்ட்டின் என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு மூன்றாவதாக இவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்படிப்பட்டவர் 600 படங்களுக்கு எண் போட்டு வாடகைக்கு விட்டார்.

இவருடைய படங்களைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். பிழைப்புக்கு என்ன செய்தார் என்பதை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். "பாவம், ட்ராயிங் மாஸ்டர் வேலை பார்த்தே வாழ்க்கையைத் தொலைத்தார்" என்பது அந்த வரி. அது பாதி உண்மை. அந்த மாஸ்டர் வேலையும் அந்த ஊரும் இல்லாவிட்டால் காட்மன் என்ற பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். இந்த உரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

காட்மன் 1782 மே 16இல் நார்விச்சில் பிறந்தார். தகப்பனார் முடிதிருத்தும் தொழில் செய்தவர்; பிறகு துணி வியாபாரத்துக்கு மாறினார். கம்பளித் துணி நெசவுக்குப் பேர்போன ஊர் அது. பையன் படம் வரைவதைப் பார்த்த தகப்பனார், அன்று லண்டனில் புகழோடு இருந்த ஜான் ஓப்பி என்ற ஓவியரிடம் யோசனை கேட்டாராம். ஓவியனாவதற்குப் பதிலாகப் பூட்ஸுக்குப் பாலிஷ் போடப் போகலாம் என்று ஓப்பி சொன்னதாக ஒரு கதை உண்டு. பையன் கேட்கவில்லை. 1798இல், 16 வயதில், லண்டன் போய்ச் சேர்ந்தான்.

லண்டனில் முதல் வேலை, ஆக்கர்மன் என்பவரின் படக்கடையில் அச்சுப் படங்களுக்கு வண்ணம் தீட்டுவது. அடுத்து டாக்டர் மன்ரோவின் வீடு. மன்ரோ மனநோய் வைத்தியர். ஓவியப் பித்து கொண்டவர். தன்னிடம் இருந்த நல்ல படங்களை மேசையில் பரப்பி, இளம் ஓவியர்களை மாலை நேரத்தில் வரவழைத்து, பார்த்து வரையச் சொல்வார். டர்னரும் கர்ட்டினும் சிறுவயதில் அங்கே கைக்காசுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நகல் எடுத்தவர்கள்தான். அவர்களுக்குச் சில ஆண்டுகள் பின்னால் காட்மன் வந்தார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் கலைப்பள்ளிக்குப் போய்ப் படித்தவரல்லர். நகல் எடுத்துக் கற்றவர். பிற்பாடு மற்றவர்களுக்கும் அதே வழியைத்தான் காட்டினார்.

கர்ட்டின் ஒரு ஸ்கெட்சிங் கிளப் நடத்தினார். அதன் விதிமுறை வேடிக்கையாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஓர் உறுப்பினர் வீட்டில் கூடுவார்கள். கவிதையிலிருந்து ஒரு பகுதி படிக்கப்படும். எல்லாரும் அதையே பொருளாக வைத்து அன்று இரவுக்குள் படம் போட வேண்டும். தாளும் வண்ணமும் வீட்டுக்காரர் செலவு; முடிந்ததும் எல்லாப் படமும் வீட்டுக்காரருக்கே சொந்தம். 1802இல் கர்ட்டின் 27 வயதில் இறந்துபோன பிறகு, அந்தக் கூட்டத்துக்குக் காட்மன்தான் முன்னே நின்றார்.

இனி வெளியே போய் வரைந்த கதைக்கு வருவோம்.

நெப்போலியன் போர்க் காலம் அது. இத்தாலி, பிரான்ஸ் என்று போய்வந்துகொண்டிருந்த ஆங்கில ஓவியர்களுக்குக் கடல் கடக்க வழியில்லை. ஆகவே சொந்த நாட்டு மலையையும் ஆற்றையும் தேடிக் கிளம்பினார்கள். காட்மன் 1800இலும் 1802இலும் வேல்ஸ் மலைப்பகுதிக்குப் போனார். கையில் இருந்த சாமான்களும் அப்போது மாறியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் வண்ணத்தை ஓவியரே அம்மியில் அரைத்துப் பசை சேர்த்துக் குழைக்க வேண்டும். 1780 வாக்கில் ரீவ்ஸ் சகோதரர்கள் வண்ணத்தைச் சின்னச் சின்னக் கட்டிகளாக்கி விற்கத் தொடங்கினார்கள். கட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கும். தாளும் அப்படியே. முன்பு வந்த தாளில் சலித்தெடுத்த கம்பிகளின் வரித்தடம் விழுந்திருக்கும்; வாட்மன் ஆலையிலிருந்து தடமே இல்லாத வழுவழுப்பான தாள் வந்தது. அதில் அகலமாக ஒரு வாஷ் போட்டால் திட்டுத்திட்டாக நிற்காமல் சீராக இறங்கும். நீலத்துக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அவுரி. அந்த அவுரியைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கும்.

1803, 1804, 1805 ஆகிய மூன்று கோடைகளிலும் காட்மன் யார்க்ஷயர் போனார். பிரான்ட்ஸ்பி என்ற ஊரில் சம்லி என்றொரு குடும்பம். அந்த வீட்டம்மாளுக்கும் பெண்களுக்கும் ஓவியம் சொல்லிக்கொடுப்பது வேலை. சாப்பாடு, தங்கல் எல்லாம் அங்கேயே. அன்றைய இங்கிலாந்தில் வசதியான வீட்டுப் பெண்களுக்குப் பியானோவும் பிரெஞ்சும் போல நீர்வண்ணமும் ஒரு படிப்பு. ட்ராயிங் மாஸ்டருக்கு அந்த வீடுகளில் ஓர் இரண்டுங்கெட்டான் நிலை: வேலையாளோடு சேர்த்தியில்லை, விருந்தாளியும் இல்லை. காட்மனின் அதிர்ஷ்டம், சம்லி குடும்பம் அவரை வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்தியது. மூத்த மகன் பிரான்சிஸ் கடைசிவரை நண்பர். 1805 கோடையில் அந்தக் குடும்பத்தின் பழக்கத்தால்தான் கிரேட்டா நதிக்கரைக்கு வழி கிடைத்தது. ரோக்பி என்ற மாளிகையில் மோரிட் என்பவரின் விருந்தினராகச் சில நாள். சம்லி குடும்பத்தார் ஊருக்குக் கிளம்பிய பிறகு பாலத்தடியில் இருந்த சத்திரத்தில் சில நாள். அந்தச் சில வாரங்களில் அவர் போட்ட படங்களைத்தான் இன்று உலகம் காட்மன் என்று சொல்கிறது.

அதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 'கிரேட்டா பாலம்'. அசல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பள்ளி நோட்டுப் புத்தகத்தை விரித்த அளவுதான். ஆற்றுக்குக் குறுக்கே ஒரே வளைவாக ஒரு கல் பாலம். இடது பக்கம் ஒரு வெளிறிய கட்டடம். பின்னால் மரக்கூட்டம். முன்னால் தண்ணீரில் பாறைகள். பொருள் அவ்வளவுதான், ஆளில்லை, மாடில்லை, சூரிய அஸ்தமனம் இல்லை.

எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். முதலில் மெல்லிய பென்சில் கோடு. அதன்மேல் ஒரு தட்டையான வாஷ். அது முழுக்கக் காயும்வரை அடுத்ததைத் தொடவே இல்லை. காய்ந்த பிறகு அதன் ஓரத்தை ஒட்டி இன்னொரு வாஷ். இரண்டும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஓரங்கள் கத்தரியால் வெட்டியது போலக் கூர்மை. மரத்துக்கு இலை வரையவில்லை. மொத்த மரமும் ஒரு பச்சைத் துண்டு, அதற்குள் இன்னும் அடர்த்தியாக இன்னொரு துண்டு. வெளிச்சத்துக்கு வெள்ளை வண்ணம் கிடையாது. அந்த இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட்டார். பாலத்தின் உருண்ட தன்மையை நிழல் பூசிக் காட்டவில்லை; வளைவுக்குக் கீழே இருக்கும் இருட்டின் உருவத்தைச் சரியாக வெட்டியதிலேயே பாலம் தானாக நின்றுவிடுகிறது. நூறு ஆண்டு கழித்து வந்த நவீன ஓவியர்கள் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இவர் நம்மவர் அல்லவா என்று உரிமை கொண்டாடியதில் வியப்பில்லை.

இவற்றை அங்கேயே உட்கார்ந்து முடித்தாரா, ஸ்பாட்டில் பென்சிலோடு நிறுத்திச் சத்திரத்து அறையில் வண்ணம் போட்டாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த ஆண்டு நவம்பரில் எழுதிய கடிதத்தில், கோடை முழுக்க இயற்கையைப் பார்த்து வண்ணம் தீட்டுவதே தன் முக்கியப் படிப்பாக இருந்தது, பல படங்கள் அதன் நேர் நகல்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் வெளியே உட்கார்ந்து வரைந்து பழகிய உங்களுக்கு ஒன்று தெரியும். இங்கிலாந்தின் ஈரக்காற்றில் ஒரு வாஷ் காய எவ்வளவு நேரமாகும்? அதற்குள் நிழல் நகர்ந்துவிடும். இந்த அளவுக்கு அடுக்கு அடுக்காக, பொறுமையாகப் போட்ட படம் முழுவதும் ஆற்றங்கரையில் முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்தது அங்கே, எதை விடுவது என்று தீர்மானித்ததும் அங்கே. மீதி மேசையில் நடந்திருக்கலாம். அதனால் படத்தின் மதிப்பு ஒரு காசு குறையாது.

இப்படி ஒரு கோடையை முடித்துக்கொண்டு லண்டன் திரும்பியவருக்கு லண்டன் கைகொடுக்கவில்லை. நீர்வண்ணக்காரர்கள் எண்ணெய் ஓவியர்களின் நிழலில் நின்றது போதும் என்று 1804 நவம்பரில் தனிச் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். 1805இல் அதன் முதல் கண்காட்சிக்கு 12,000 பேர் அளவில் வந்தார்கள். அந்தச் சங்கத்தில் காட்மனுக்கு அப்போது இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைத்தது இருபது ஆண்டு கழித்து, 1825இல், அதுவும் இணை உறுப்பினராக.

1806 முடிவதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

ஊரில் நிலைமை எப்படி இருந்தது? நார்விச் அப்போது ஓவியத்துக்கு வாய்ப்பான ஊர். அதற்குக் காரணம் ஜான் குரோம் என்பவர். ஏழை நெசவாளி மகன். சிறுவயதில் ஒரு டாக்டர் வீட்டில் எடுபிடி வேலை. பிறகு கடைப்பலகைக்கும் வண்டிக்கும் பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் தொழில் கற்றார். தானே படித்து ஓவியராகி, ஓவிய ஆசிரியராகி, 1803 பிப்ரவரியில் ஒரு சாப்பாட்டு விடுதியில் நண்பர்களைக் கூட்டி 'நார்விச் ஓவியர் சங்கம்' தொடங்கினார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடுவார்கள். ஒருவர் கட்டுரை படிப்பார், மற்றவர்கள் விவாதிப்பார்கள். 1805 முதல் ஆண்டுதோறும் கண்காட்சி. லண்டனுக்கு வெளியே ஓர் ஊர் ஓவியர்கள் தாங்களே சங்கம் வைத்துத் தொடர்ந்து கண்காட்சி நடத்தியது இங்கிலாந்தில் அதுவே முதல்முறை. நீதிபதிகள் வந்து வழக்கு விசாரிக்கும் வாரத்தில், மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஊரில் கூடியிருக்கும்போது, கண்காட்சியைத் திறப்பார்கள். கெட்டிக்காரத்தனம்!

காட்மன் வந்ததும் நகரத்தில் ஓர் ஓவியப் பள்ளி திறந்தார். 1808 கண்காட்சியில் ஒரே ஆளாக 67 படங்களை வைத்தார். 1811இல் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். விற்பனைதான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த இடம், தெரிந்த கோபுரம் வேண்டும். காட்மனோ ஒரு வேலித் தடுப்பையும் நாலு பலகையையும் வரைந்து வைப்பார். நண்பர் பிரான்சிஸ் சம்லி அந்த நாளில் ஒரு கடிதத்தில் நயமாகச் சொல்லிப் பார்த்தார்: ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்கு, எப்படி வரைந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை, எதை வரைந்திருக்கிறது என்றே பார்க்கிறார்கள் என்று. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் எந்தக் கண்காட்சி அரங்கிலும் நின்று கேட்டால், அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை என்பது விளங்கும்.

விற்பனை இல்லை, 1809இல் கல்யாணம் ஆகிவிட்டது. வாடகை நிலையம் பிறந்தது அந்த ஆண்டில்தான். யோசனை அவர் கண்டுபிடித்ததும் அல்ல. லண்டனில் ஆக்கர்மன் போன்ற கடைக்காரர்கள் படங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். காட்மன் செய்தது, இடையில் கடைக்காரர் இல்லாமல் ஓவியரே ஊருக்குள் நேரடியாகக் கொடுத்தது. இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறும் இருந்தது. மாணவர்கள் பார்த்து வரைந்தது காட்மனின் மரத்தை. வெளியே நிற்கும் மரத்தை அல்ல. மரத்தை எப்படி ஒரு துண்டாகப் பார்ப்பது என்று கண்டுபிடிக்க அவருக்கு மூன்று கோடை பிடித்தது. மாணவருக்கு அது விடையாகவே கையில் வந்துவிட்டது, கணக்கைப் போட்டுப் பார்க்கும் வேலை இல்லாமல்.

குரோமின் வழி வேறு. அவர் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் ஆற்றங்கரையில் அவரைப் பார்த்த இன்னொரு ஆசிரியர், "நீங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன்" என்று கேட்க, குரோம் சுற்றியிருந்த மாணவர்களைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில்தானே இருக்கிறேன் என்றாராம். ஏர்ல்ஹாம் மாளிகையில் கர்னி குடும்பத்துப் பெண்களுக்கும் அவர்தான் ஆசிரியர். பின்னால் சிறைச் சீர்திருத்தத்தால் உலகப் புகழ்பெற்ற எலிசபெத் ஃபிரை அந்தப் பெண்களில் ஒருவர். கற்பிப்பதில் குரோம் ஒரு படி மேல் என்பதே என் கட்சி. ஆனால் குரோம் கூட்டிப் போன நடைகள் அவரோடு போயின. காட்மனின் எண் போட்ட தாள்கள் மிஞ்சின.

1812இல் காட்மன் குடும்பத்தோடு கடற்கரை ஊரான கிரேட் யார்மத்துக்குக் குடிபோனார். அழைத்தவர் டாசன் டர்னர். ஓவியர் டர்னருக்கும் இவருக்கும் உறவில்லை. இவர் வங்கிக்காரர், கடற்பாசிகளைப் பற்றி ஆராய்ந்த தாவரவியலாளர், பழம்பொருள் பைத்தியம். ஆண்டுக்கு 200 பவுண்டு சம்பளம். டர்னரின் மனைவி மேரிக்கும் பெண்களுக்கும் ஓவியம் கற்பிக்க வேண்டும், டர்னரின் புத்தகங்களுக்குப் பழைய கோயில்களையும் கல்லறைகளையும் செப்புத் தகட்டில் செதுக்கித் தர வேண்டும். பத்தாண்டுக்கு மேல் இந்த வேலை. 1817, 1818, 1820 என்று மூன்று முறை நார்மண்டிக்குப் போனார்; போர் முடிந்து கடல்வழி திறந்திருந்தது. 1817 பயணத்தில் அவர் கையில் 'கிராஃபிக் டெலஸ்கோப்' என்று ஒரு கருவி இருந்தது. கார்னீலியஸ் வார்லி என்ற ஓவியர் 1811இல் காப்புரிமை வாங்கியது. எட்டியிருக்கும் கோபுரத்தின் பிம்பம் தாள்மேல் விழுவது போலத் தெரியும். பென்சிலால் தடம் பிடிக்கலாம். இது ஏமாற்று வேலை என்று நினைக்கிற இளைஞர்கள் இங்கே இருந்தால், கோபுரத்தின் ஒவ்வொரு சிற்பத்தையும் அளவு பிசகாமல் கேட்ட முதலாளியை நினைத்துப் பார்க்கட்டும். 1822இல் 'நார்மண்டியின் கட்டடத் தொன்மைகள்' இரண்டு தொகுதிகளாக வந்தது. சுமார் நூறு தகடுகள்.

இந்த டர்னர் வீட்டைப் பற்றி இன்னொரு செய்தி. நம் பக்கத்துக்கு அது ஒரு சுற்றுவழியில் வந்துசேர்கிறது.

காட்மனிடம் ஓவியம் கற்ற அந்தப் பெண்களில் மூத்தவர் மரியா. 1815இல் வில்லியம் ஹூக்கர் என்ற தாவரவியலாளரை மணந்தார். ஹூக்கரும் நார்விச்காரர்தான். 1820இல் அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்த ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் செடிகொடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் செடிகளை வரைந்து கொடுத்தவர் ரங்கையா. அவருக்குப் பின் கோவிந்து. இருவரும் தென்னிந்திய ஓவியர்கள். வைட் அந்தப் படங்களைக் கிளாஸ்கோவுக்கு அனுப்ப, ஹூக்கர் தான் நடத்திய இதழில் 1830களின் தொடக்கத்தில் அச்சிட்டார். அதாவது, ரங்கையா வரைந்த தாள்கள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த வீட்டின் தலைவி, காட்மனிடம் தூரிகை பிடிக்கக் கற்றவர். காட்மனுக்கு ரங்கையாவைத் தெரியாது, ரங்கையாவுக்குக் காட்மனைத் தெரியாது. இதை வைத்து யார் யாரைப் பாதித்தார் என்று ஆராய்ச்சி எதுவும் செய்ய வேண்டாம். ஒரு சிற்றூர் ட்ராயிங் மாஸ்டரின் மாணவர்கள் எங்கெங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன். மரியாவின் மகன் ஜோசஃப் டால்டன் ஹூக்கர்தான் பிற்பாடு பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களை ஏழு தொகுதிகளில் எழுதியவர்.

யார்மத் வாழ்க்கை காட்மனுக்குச் சோறு போட்டது. வண்ணத்தை அவரிடமிருந்து பிடுங்கியும் கொண்டது. அந்தப் பத்தாண்டில் வெறும் கோடும் கறுப்பு மையும்தான் அதிகம். 1823 வாக்கில் நார்விச் திரும்பி, பெரிய வீடு பிடித்து, மறுபடி பள்ளி திறந்தார். அகலக்கால். கடன் ஏறியது. மனச்சோர்வு அடிக்கடி வந்து மாதக்கணக்கில் படுத்துக்கொள்ள வைத்தது. கடிதங்களைப் படித்தால் நெஞ்சு கனக்கும். ஆனாலும் அந்தக் காலத்தில்தான் நீர்வண்ணத்தில் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தார். வண்ணத்தோடு மாவுப் பசையைக் கலந்து, ஈரமாக இருக்கும்போதே கீறியும் துடைத்தும் வரைந்தார். பழைய தெளிந்த வாஷுக்கு நேர் எதிர். ஒளிர்நீலமும் ஆரஞ்சும் பளிச்சென்று அடிக்கும் இந்தப் படங்களைச் சில பேர் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு 1805தான்.

நார்விச் ஓவியர் சங்கமும் 1833இல் கலைந்தது. அடுத்த ஆண்டு லண்டனில் கிங்ஸ் காலேஜ் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 100 பவுண்டு உறுதி. யாரை நியமிக்கலாம் என்று பள்ளிக்காரர்கள் கேட்டபோது, ஓவியர் டர்னர் காட்மன், காட்மன் என்று திருப்பித் திருப்பி அதே பெயரைச் சொன்னதாகக் கூறுவார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு நிரந்தர வேலை!

அந்த வகுப்புக்கு மாணவர்கள் ஏராளம். ஒவ்வொரு பையனுக்கும் பார்த்து வரைய ஒரு தாள் வேண்டும். 1809இன் பழைய முறை மறுபடி வந்தது, இந்த முறை குடும்பத் தொழிலாக. மகன்கள் மைல்ஸ் எட்மண்ட், ஜான் ஜோசஃப் இருவரும் அப்பாவின் பழைய ஸ்கெட்ச்களைப் பார்த்து வரைந்து தள்ளினார்கள். எண்கள் ஆயிரக்கணக்கில் ஏறின. பென்சில், கறுப்புச் சாக்குக் கட்டி, பழுப்பு வாஷ். சில தாள்களில் அப்பா கை எது, பிள்ளை கை எது என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. ஏலக் கம்பெனிகளுக்கு இதில் தீராத தலைவலி. அந்த வகுப்பில் உட்கார்ந்து வரைந்த சிறுவர்களில் ஒருவன் டான்டே கேப்ரியல் ராசெட்டி. பின்னாளில் ரஃபேலுக்கு முந்தையவர்கள் என்ற ஓவியக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர்.

ஏழெட்டு ஆண்டு இப்படி ஓடியது. 1841 இலையுதிர்காலத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு காட்மன் நார்ஃபோக்குக்குப் போனார். அப்பா இன்னும் உயிரோடு இருந்தார். மழை, வெள்ளம், கடற்கரைப் புயல். 59 வயது மனிதர் கிராமம் கிராமமாக அலைந்து, சாம்பல் நிறத் தாளில் கறுப்பு, வெள்ளைச் சாக்குக் கட்டிகளை வைத்து வரைந்து தள்ளினார். வண்ணமே இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய வயல்வெளி ஒன்று அதில் இருக்கிறது. குரோமர் கடற்கரையில் புயல் ஒன்று. எண் போடாத தாள்கள், எந்த மாணவனுக்காகவும் வரையாதவை. லண்டன் திரும்பி, அப்பா வீட்டிலிருந்து தெரியும் காட்சியை எண்ணெய் ஓவியமாக ஆரம்பித்தார். அது முடியவில்லை. 1842 ஜூலை 24இல் காலமானார். ஆசிரியர் வேலை அடுத்த ஆண்டு மகன் மைல்ஸ் எட்மண்டுக்குப் போயிற்று.

லண்டன் அவரைச் சீக்கிரமே மறந்தது. ஏலத்தில் படங்கள் சொற்ப விலைக்குப் போயின. நார்விச்சிலோ வீட்டுக்கு வீடு அவர் தாள்கள் கிடந்தன: மாணவராக இருந்தவர்கள், சந்தா கட்டியவர்கள், அவர்கள் பிள்ளைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜேம்ஸ் ரீவ் என்பவர் நார்விச் மியூசியத்தின் காப்பாளராக இருந்தார். ஊர் ஓவியர்களின் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். காட்மன் குடும்பத்தாரையும் பழைய மாணவர்களையும் விசாரித்துக் குறிப்பெடுத்தார். அவர் சேகரித்ததை 1902இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. நாம் கிட்டே போய்ப் பார்த்த கிரேட்டா பாலம் லண்டனுக்குப் போனது அந்தக் கட்டோடுதான். படங்களைச் சேர்த்த மற்றொரு தரப்பு, ஊரில் கடுகுப் பொடி தயாரித்துப் பணக்காரரான கோல்மன் குடும்பம். ஜெரமையா ஜேம்ஸ் கோல்மனும் அவர் மகன் ரசல் கோல்மனும் இரண்டு தலைமுறை சேர்த்ததை ஊருக்கே எழுதி வைத்துவிட்டார்கள். அதற்காகக் கட்டிய கூடங்கள் நார்விச் கோட்டை மியூசியத்தில் 1951இல் திறந்தன. 1810இல் காட்மன் மறுபடி வரைந்த இன்னொரு கிரேட்டா பாலமும் நார்விச்சில் இருக்கிறது.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. அவுரி நீலம் வெளிச்சத்தில் மங்கும். அவுரியும் செங்காவியும் கலந்து போட்ட சாம்பல் மேகங்கள் நாளடைவில் நீலத்தை இழந்து சிவந்துபோகும். இங்கிலாந்தின் பழைய நீர்வண்ணங்கள் பலவற்றில் வானம் அந்தி நேரம் போலத் தெரிவதற்குக் காரணம் ஓவியர் அல்ல, அவுரிதான். அதனால் இந்தப் படங்களைச் சுவரில் நிரந்தரமாக மாட்டி வைப்பதில்லை. பெட்டியில் இருட்டில் இருக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சுப் படங்களுக்கும் வரைபடங்களுக்கும் தனிப் படிப்பறை உண்டு. முன்கூட்டி எழுதி நேரம் வாங்கிக்கொண்டால் கட்டணமில்லாமல் எடுத்துவந்து மேசையில் வைப்பார்கள். பென்சில் அனுமதி உண்டு, பேனாவுக்குக் கிடையாது. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.